உயரமான தம்பி

கமா மேடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்பக்கம் ஒரு நடைவழி. அதில் ஜெராக்ஸ் எந்திரம் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் கடைசி அறை மேடத்துடையது. டாக்டர்கள், மருந்தாளுநர்கள், பாலம் கட்டுகிறவர்கள், மண்ணைப் பரிசோதிக்கிறவர்கள் என்று மேற்படிப்புக்கு வருகிற அத்தனை பேரும் முதல் பருவத்தில் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தே தீர வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று மேடம் சொல்லிக்கொடுப்பார். 'இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சே' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். பருவம் முடிந்து வெளியே போகும்போது ஒரு கமாவுக்காக நண்பனோடு சண்டை போடுகிற ஆளாகப் போவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மேடம் பாடம் நடத்தினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதிலும் 'ஹூ', 'விச்' பாடம் என்றால், பக்கத்து அறையில் இதே பாடம் எடுக்கும் சாரே டம்ளரோடு வாசலில் வந்து நிற்பார். விஷயம் பெரிதில்லை. ஒருவரைப் பற்றி எழுதும்போது நடுவில் அவரைப் பற்றி இன்னொரு சேதியைச் செருகுகிறோம். அந்தச் சேதி இல்லாவிட்டால் எந்த ஆள் என்றே தெரியாது என்றால் அது ஒரு ரகம். மேடம் அதற்கு 'ஆள்காட்டி' என்று பெயர் வைத்திருந்தார். ஆள் யார் என்று ஏற்கெனவே தெரியும், சேதி சும்மா கூடுதலாக வருகிறது என்றால் அது 'கொசுறு'. காய் வாங்கும்போது கடைக்காரர் மேலே போடுகிற இரண்டு மிளகாய் மாதிரி. ஆள்காட்டிக்குக் கமா கிடையாது. கொசுறுக்கு முன்னும் பின்னும் கமா.

"தமிழ்ல நமக்கு இந்த வம்பே இல்ல," என்பார் மேடம். "'மருந்து சாப்பிடாத நோயாளிகள் குணமானார்கள்'னு சொல்லிட்டுப் போயிடுவோம். எல்லாருமே சாப்பிடலையா, இல்ல சாப்பிடாதவங்கள மட்டும் சொல்றோமா? கேக்குறவங்க பாடு அது. இங்கிலீஷ்ல அப்படித் தப்பிக்க முடியாது. போன வருஷம் ஒரு டாக்டர் அந்த 'மருந்து சாப்பிடாத'வுக்கு ரெண்டு பக்கமும் கமா போட்டுட்டு வந்தார். என்ன அர்த்தம்? ஒருத்தர்கூட மருந்து சாப்பிடல, அத்தனை பேரும் குணமாயிட்டாங்க. அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி? இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போலாம்."

வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் மேடம் பலகையில் இரண்டு குச்சி மனிதர்களை வரைவார். ஒருவனுக்குக் கழுத்தில் டை. இன்னொருவனுக்கு முடி சிலிர்த்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறி.

"எனக்கு ரெண்டு தம்பிங்க. 'என் தம்பி நேத்து ஃபோன் பண்ணான்'னு எழுதினா எந்தத் தம்பி? உங்களுக்குத் தெரியாது. அதனால, 'பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயிலான தம்பி நேத்து ஃபோன் பண்ணான்'. இப்ப தெரியுதா யாருன்னு?" என்று பெருக்கல் குறிக்காரனை மார்க்கரால் தட்டுவார். "இது ஆள்காட்டி. இதுக்குக் கமா போட்டீங்க, கைய உடைப்பேன். ஆனா அம்மா எனக்கு ஒருத்தங்கதான். 'என் அம்மா, நல்லா பாடுவாங்க, ஃபோன் பண்ணாங்க.' பாட்டு கொசுறு. எடுத்துட்டாலும் அம்மா அம்மாதான். அங்க கமா போடாம விட்டா எனக்கு ரெண்டு மூணு அம்மான்னு ஆயிடும், எங்க அப்பாவுக்குத்தான் கெட்ட பேரு."

அம்மாவின் பாட்டு யார் மனதிலும் தங்காது. இரண்டு தடவை ஃபெயிலான தம்பி தங்கிவிடுவான். படித்து முடித்து எங்கெங்கோ வேலைக்குப் போனவர்கள் வழியில் மேடத்தைப் பார்த்தால் வணக்கம் சொன்ன கையோடு கேட்பார்கள்: "மேடம், ரெண்டு தடவை ஃபெயிலான தம்பி எப்படி இருக்கார்?" மேடத்துக்குப் பெருமை தாங்காது. பாடம் மறக்கவில்லையே! வாத்தியார் வேலை பார்க்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு தம்பிகள் என்பது நிஜம். பெரியவன் கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்கிறவன், டையும் நிஜம். சின்னவன் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றதும் நிஜம்தான். அதற்கு யார் மீதும் பழி போட முடியாது, கேரம் போர்டின் மீது வேண்டுமானால் போடலாம். பிறகு அவன் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனான். ஓட்டிக்கொண்டே மூன்றாவது தடவை எழுதிப் பாஸ் பண்ணினான். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினான். அப்புறம் ஸ்டியரிங்கை விட்டு, வண்டியின் பின்பகுதியில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து முதலுதவி செய்யும் வேலைக்குப் படித்தான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். ஒரு ஷிஃப்டுக்கே பொறுப்பாளன். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, பலகையில் இருந்தவன் மட்டும் வருஷா வருஷம் அதே இரண்டு தடவை ஃபெயிலாகிக்கொண்டிருந்தான்.

ஃபெயில் என்று பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மேடம் தினமும் பஸ்ஸில்தான் வருவார். ஏன் என்று கேட்டால், "ஆளுக்கொரு கார் எடுத்தா இந்தக் காத்து என்னத்துக்கு ஆகும்?" என்று சுற்றுச்சூழல் பேசுவார். விஷயம் அதுவல்ல. டிரைவிங் டெஸ்டில் மேடம் மூன்று தடவை ஃபெயில். கடைசித் தடவை பின்னால் எடுக்கச் சொன்னபோது முன்னால் எடுத்ததில், தேர்வு அதிகாரி நின்ற இடத்திலிருந்து துள்ள வேண்டியதாயிற்று. ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் சின்னத் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தி அழுத்திக் கற்றுக்கொடுத்தான். இந்த விவகாரம் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போனதே இல்லை. தம்பிகள் இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் அம்மா ஃபோன் பண்ணினார்.

"சின்னவனுக்கு சீட் கிடைச்சிருக்குடி. உன் இடத்துலயே!"

"என்ன சீட்டும்மா?"

"மேற்படிப்புதான். அவசர சிகிச்சை, அந்த நிர்வாகம், ஏதோ சொன்னான். வேலை பாத்துக்கிட்டே படிக்கலாமாம். உன்கிட்ட இப்ப சொல்லாதேன்னான். அக்கா சொல்லித்தான் கிடைச்சுதுன்னு யாரும் பேசிடக்கூடாதாம். எனக்குத்தான் வாய் நிக்கல."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த தோசைத் திருப்பியை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் வீட்டுக்குள் ரெண்டு சுற்று சுற்றினார். என் தம்பி! புத்தகத்தைக் கண்டாலே தலைவலி வருகிறவன், நாற்பது வயதுக்கு மேல் தானாகப் போய் விண்ணப்பம் போட்டு, நேர்காணலில் உட்கார்ந்து, சீட் வாங்கியிருக்கிறான். இதைப் பக்கத்து அறை சாரிடம் சொல்ல வேண்டும், நூலகத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார். பாதி வழியில்தான் உறைத்தது. முதல் பருவம். கட்டாயப் பாடம். செவ்வாய்க்கிழமை. கடைசி அறை. அந்தக் குச்சி மனிதன்.

அன்று மத்தியானம் அவனுக்கே ஃபோன் போட்டு வாழ்த்தினார். அவன் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டான்.

"க்ளாஸ்ல நான் உன் தம்பின்னு காட்டிக்காதக்கா. பத்தோட பதினொண்ணா உக்காந்துட்டுப் போறேன்."

"சரிடா, சரிடா," என்றார் மேடம். அதைவிட வேறு வரம் வேண்டுமா? அவனுடைய தாள்களைப் பக்கத்து அறை சார் திருத்துவதாகவும் ஏற்பாடாயிற்று. மீதி இருந்தது அந்த வாக்கியம் ஒன்றுதான். அதை மாற்றிவிட்டால் போதும், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று மேடம் கணக்குப் போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் குச்சி மனிதர்கள் வரவில்லை. இரண்டு குடைகள் வந்தன. "என்கிட்ட ரெண்டு குடை இருக்கு. கம்பி உடைஞ்ச குடை வீட்டுல இருக்கு..." வகுப்பு எழுதிக்கொண்டது. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக, சின்னத் தம்பி முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலிகள் அவன் உயரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

குடைப் பாடம் முடிகிற நேரத்தில் முன்வரிசையில் இருந்த மருந்தாளுநர் கையைத் தூக்கினார். நல்ல கலகலப்பான பெண்.

"மேடம், அந்த ரெண்டு தடவை ஃபெயிலான தம்பிய ஏன் சொல்லல? எங்க சீனியர்ஸ் எல்லாம் அதுக்குத்தான் காத்திருங்கன்னு சொன்னாங்க."

"ஆமா மேடம், நானும் கேள்விப்பட்டேன்," என்றது பின்வரிசை. "படம்கூட வரைவீங்களாமே! அவரு இப்பவாவது பாஸ் பண்ணாரா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொன்னாலும் மேடத்தின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்களோடு சேர்ந்து, அளவாக, பல் தெரிய. சிரிப்பு மற்றவர்களுக்கு ஒரு நொடி முந்தியே தொடங்கி, ஒரு நொடி முந்தியே நின்றது. இதைக் கேட்டு முதல் தடவை சிரிக்கிறவன் அப்படிச் சிரிக்க மாட்டான். பாடம் முடிந்ததும் அவன் பையை எடுத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், நடைவழியில் நீளமாக நடந்து போய்விட்டான்.

மேடத்துக்கு அன்று மீதி வகுப்புகள் எப்படிப் போயின என்று தெரியாது. மூன்று மணிக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவசரப் பிரிவு வாசலுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ்கள் நிற்கும் கொட்டகை. கிருமிநாசினி வாசனை. ஈரத் தரையில் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் கோடுகள். சின்னத் தம்பி ஒரு வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவர் மேடம் இல்லை, வெறும் அக்கா.

"டேய், அது சும்மா ஒரு எக்ஸாம்பிள்டா."

"தெரியும்க்கா."

"உனக்கு ஏற்கெனவே தெரியுமா?"

"ரொம்ப வருஷமா தெரியும்." அவன் சிலிண்டரை அதன் இடத்தில் வைத்துப் பட்டையை இழுத்துக் கட்டினான். "நான் வண்டி ஓட்டிக்கிட்டிருந்த காலத்துல ஒரு டாக்டர் இங்க புதுசா வந்தாரு. உன் காலேஜ்ல படிச்சவர்னு பேச்சுல தெரிஞ்சுது. எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துபோச்சு. 'எங்க அக்கா அங்கதான் சார் சொல்லிக்குடுக்கிறாங்க, இங்கிலீஷ்'ன்னேன். அவர் எழுந்து வந்து கைகுடுத்தாரு. 'அட, ரெண்டு தடவை ஃபெயிலான தம்பி நீங்கதானா!'ன்னாரு. அங்க நர்சு, வார்டு ஆளுங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க."

அக்கா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். வேற என்ன செய்ய? அவர் கெட்ட மனுசன் இல்ல. அதுக்கப்புறமும் நிறைய பேர் கேட்டிருக்காங்க, ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. ஆனா அன்னைலேருந்து எங்க அக்கா யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். இருவரும் அப்படிக் கத்தி வளர்ந்தவர்கள்தான். அவனோ கட்டுப்போடும் துணிச் சுருள்களை எண்ணி அடுக்கிக்கொண்டே, வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கதையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"ஃபெயிலானேன்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்லக்கா," என்றான். "ஆனேனே, அது உண்மைதானே. ரெண்டு தம்பியில யாருன்னு தெரியணும், அதுக்கு ஒரு அடையாளம் வேணும், அவ்வளவுதானே? உயரமான தம்பின்னு சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்டுற தம்பின்னு சொல்லியிருக்கலாம். வீட்டுப் பக்கத்துல இருக்கிற தம்பின்னாவது சொல்லியிருக்கலாம். உனக்கு வேற ஒண்ணுமே தோணலையா?"

"சிரிப்பு வரணும்னு சொன்னேன்டா."

"வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார் அக்கா. பொய் சொல்லத் தெம்பில்லை. "தப்புதான்டா. ரொம்பத் தப்பு."

அவன் பதில் சொல்வதற்குள் இடுப்பில் இருந்த ரேடியோ கரகரத்தது. ஏதோ ஒரு சாலைச் சந்திப்பின் பெயர். அவன் ஒரே தாவலில் உள்ளே ஏறினான்.

"அடுத்த செவ்வாக்கிழமை வருவியாடா?"

"தெரியலக்கா. அந்த ரூம்ல திரும்பவும் உக்கார முடியுமான்னு தெரியல." கதவு சாத்திக்கொண்டது. வண்டி அலறிக்கொண்டு போயிற்று.

அந்த வாரம் முழுக்க மேடத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டாயப் பாடத்தை விட்டால் மேற்படிப்பையே விட்ட மாதிரிதான். எவ்வளவு கஷ்டப்பட்டு அவன் ஒரு வகுப்பறை வாசலுக்குத் திரும்பி வந்தான், வந்த இடத்தில் வாசலிலேயே காலை வாரிவிட்டது யார்? கூடப் பிறந்தவள். பேசாமல் அந்த வகுப்பைப் பக்கத்து அறை சாரிடம் கொடுத்துவிடலாமா என்று அவரையே கேட்டார்.

"குடுங்க, எடுக்கிறேன்," என்றார் சார். "ஆனா உங்க தம்பி அடுத்த க்ளாஸுக்கு வந்து, அங்க நீங்க இல்லேன்னா என்ன நினைப்பார்? என்னைப் பாக்கவே அக்காவுக்குப் பிடிக்கலன்னு நினைக்க மாட்டாரா? யோசிங்க."

மேடம் யோசித்தார். யோசித்ததில் வேறொரு சங்கடம் கிடைத்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், அவனைப் பற்றி வேறு ஒரு நல்ல ஆள்காட்டி எழுதிப் பார்த்தார். 'உயரமான' என்பது அவனே சொன்னது, அது கணக்கில் சேராது. அப்புறம்? அவனுக்கு என்ன பிடிக்கும்? எதைக் கண்டால் பயம்? வேலையில் எந்த நாளை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் போகும்? ஒன்றும் ஓடவில்லை. ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னதில், சொன்னவருக்கே தம்பி என்றால் கண்ணில் பெருக்கல் குறி போட்ட அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டவர்களுக்கு அது வெறும் சிரிப்புக் கதை. அதுதான் தம்பி என்று நம்பியவர் மேடம் ஒருத்தர்தான். இது புரிந்ததும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓர நாற்காலி காலியாக இருந்தது. மேடம் மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். ஜெராக்ஸ் எந்திரத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. சரி, நடப்பது நடக்கட்டும் என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"போன வாரம் என் தம்பியப் பத்திக் கேட்டீங்க. அந்த வாக்கியத்த இனிமே நான் சொல்லப் போறதில்ல. இலக்கணம் சரிதான், ஒரு பிழையும் இல்ல. ஆனா ஒரு ஆளைக் காட்டுறதுக்குக் கையில ஆயிரம் இருக்கும்போது நான் எதை எடுத்தேன்னு பாருங்க. அது என்னைப் பத்தித்தான் சொல்லுது, அவனப் பத்தி இல்ல. நீங்க நாளைக்குக் கட்டுரையில நோயாளிகளப் பத்தி எழுதுவீங்க, கைதிகளப் பத்தி எழுதுவீங்க, வீடு இல்லாதவங்களப் பத்தி எழுதுவீங்க. எழுதும்போது இதை நினைச்சுக்கங்க."

பேசி முடித்துத் தலையைத் தூக்கினால், வாசலில் சின்னத் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஷிஃப்ட் முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. "உள்ள வரலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, போய்த் தன் இடத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். மேடத்துக்கு மூச்சு வந்தது.

"சரி, ஆளுக்கொரு ஆள்காட்டி சொல்லுங்க. வீட்டுல, வேலையில, யாரப் பத்தி வேணும்னாலும்," என்றார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாடியில் குடியிருக்கும் மாமா, பேப்பர் போடும் அண்ணன், எதற்கெடுத்தாலும் அழும் மேனேஜர். அப்புறம் ஜன்னல் பக்கம் ஒரு கை உயர்ந்தது. மேடம் தலையசைத்தார். தம்பி எழுந்து நின்று, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னான். அதன் பொருள் இதுதான்: டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை ஃபெயிலான இங்கிலீஷ் டீச்சர் தினமும் பஸ்ஸில் வருகிறார்.

எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி, வரிசை வரிசையாகப் பரவி, ஜெராக்ஸ் எந்திரத்தின் உறுமலையும் அமுக்கிவிட்டது. "சுற்றுச்சூழலா மேடம், சுற்றுச்சூழலா?" என்று யாரோ கத்தினார்கள். மேடத்துக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. அவமானம் என்றால் அவமானம், அப்படி ஒரு அவமானம். இத்தனைக்கும் சிரித்தவர்கள் எல்லாரும் அவர் மேல் பிரியமானவர்கள்.

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. மைதானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது பார்ப்பானே, இவள் என்ன செய்யப் போகிறாளோ என்று, அதே பார்வை. காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"கமா உண்டா?" என்றார் மேடம்.

"கிடையாது மேடம். இங்கிலீஷ் டீச்சர் ரெண்டு பேர் இருக்கீங்க. பக்கத்து ரூம் சார் கார்ல வர்றாரு."

"சரியா சொன்னீங்க. வந்து பலகையில எழுதுங்க."

அவன் வந்து எழுதினான். மேடம் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். மருந்தாளுநருக்கு ஆர்வம் பொறுக்கவில்லை. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்," என்றான் அவன், மார்க்கரை மூடிக்கொண்டே. "இவங்க எங்க அக்கா."

சிரிப்பு பட்டென்று நின்றது. மருந்தாளுநர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் இருந்து, "அப்ப நீங்கதான் அந்த..." என்று ஒரு குரல் கிளம்பிப் பாதியில் தொண்டையிலேயே விழுந்தது.

தம்பி திரும்பி வகுப்பைப் பார்த்தான். பலகையின் மேல்விளிம்புக்கு மேலே அவன் தலை இருந்தது.

"உயரமான தம்பி," என்றான்.

மேடம் பலகையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதைத் துடைத்தாரோ, அவன் எழுதிய வரி மட்டும் பலகையில் அப்படியே இருந்தது.

அவன் மேற்படிப்பை முடித்தான். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றித்தான் அவனுடைய கட்டுரை. பக்கத்து அறை சார் திருத்திக் கொடுத்த பிறகு அக்காவிடம் ஒரு பிரதி கொண்டுவந்தான். எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள், வழி சொல்லத் தெரியாதவர்கள் என்று யார் யார் காத்திருந்தார்கள் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தான். அக்கா சிவப்புப் பேனாவை எடுக்காமலே முழுவதையும் படித்தார். இப்போதெல்லாம் புது டாக்டர் யாராவது அவசரப் பிரிவுக்கு வந்தால், "எங்க அக்காகிட்டதான் படிச்சீங்களா?" என்று அவனே போய்க் கேட்கிறானாம். அம்மா சொன்னார்.

மேடம் இன்றைக்கும் அந்தப் பாடத்தை எடுக்கிறார். பலகையில் இரண்டு டீச்சர்களை வரைகிறார். ஒருவர் கார் ஓட்டுகிறார், இன்னொருவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெருக்கல் குறி யார் கண்ணில் என்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கிறது, பாடமும் மறப்பதில்லை. மறந்தால்தான் தேவலையே! சாயங்கால பஸ்ஸில், நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு நடுவில், எப்போதோ படித்துப் போன யாராவது அவரைப் பார்த்துவிடுவார்கள்.

"மேடம், லைசன்ஸ் வாங்கிட்டீங்களா?"

நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சுருக்கென்று இருக்கும். கேட்டவர் கெட்டவர் இல்லை, பிரியமாகத்தான் கேட்கிறார். மேடம் சிரிப்பார். வேற என்ன செய்ய? அவசரப் பிரிவு வாசலில், நர்சுகள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இப்படி எத்தனை தடவை சிரித்திருப்பான் என்று அப்போது நினைப்பு வரும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடைபாதையில் நின்று அவனுக்கு ஃபோன் போடுவார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. சும்மாதான்."